கட்டையும் கயிறும்: வீடு திரும்பிய குடும்பத்துக்கு ஒரு நாள் ஒழுங்கு

(மீள்குடியேறிய குடும்பங்களுடனான கிராமச் சந்திப்பு ஒன்றில் எமது சமூக உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



உங்களில் பலர் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் இந்த மர நிழலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவருக்குக் கிணற்றடியில் வாளி நிற்கிறது. இன்னொருவருக்கு அடுப்பில் சோறு இருக்கிறது. அதனால் நீட்டிப் பேச மாட்டேன்.

இன்று நான் பேச வந்தது தகரத்தைப் பற்றியோ உலர் உணவைப் பற்றியோ அல்ல. உங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி. இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் வீடு வீடாகப் போகும்போது நான் அதிகம் கேட்கும் வார்த்தை, "அக்கா, நேரம் காணாது" என்பதுதான். இரண்டாவதாகக் கேட்பது, "என்ன செய்தன் எண்டே தெரியேல்லை, பொழுதுபட்டிட்டுது" என்பது. இந்த இரண்டுக்கும் நாங்கள் ஒரு வழி பார்க்க வேண்டும்.

முகாமில் இருந்த காலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பவுசர் வரும் நேரம்தான் அங்கே காலை. சாப்பாடு கொடுக்கும் நேரம்தான் மத்தியானம். குளிக்க வரிசை, மலகூடத்துக்கு வரிசை, பதிய வரிசை, வைத்தியரைப் பார்க்க வரிசை. அந்த நாளை நாங்கள் ஆக்கவில்லை, வரிசைகள் ஆக்கின. மாதக்கணக்கில் அப்படி இருந்த பிறகு எங்களை எங்கள் காணியில் இறக்கி விட்டார்கள். வரிசை இல்லை. ஆனால் முகாமில் இல்லாத நூறு வேலை ஒன்றாக வந்து நிற்கிறது. பற்றை வெட்ட வேண்டும். கிணறு இறைக்க வேண்டும். கொட்டில் போட வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கூலிக்கும் போக வேண்டும். காணி திரும்பக் கிடைத்தது போல, உங்கள் நாளும் உங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. காணியைப் போலவே அதையும் கொஞ்சம் துப்புரவாக்கி, எல்லை போட்டு எடுக்க வேண்டும்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் நானும் ஒருத்தி. தென்மராட்சியில் ஒரு வகுப்பறையில் பல குடும்பங்களோடு மாதக்கணக்கில் இருந்துவிட்டு, 1996இல் வீடு திரும்பினோம். கூரை போயிருந்தது. கிணற்றுக்குள் குப்பை. ஆனால் எங்களைக் களைக்க வைத்தது அவை அல்ல. விடிந்தால் எதை முதலில் செய்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா வளவைக் கூட்டத் தொடங்குவார். பாதியில் தண்ணீர் நினைவு வந்து கிணற்றடிக்கு ஓடுவார். அங்கே நிற்கும்போது அடுப்பு நினைவு வரும். இரவில் பார்த்தால் வளவும் அரை, சமையலும் அரை, அம்மாவும் அரை ஆளாக இருப்பார். நாங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்ல நேரம் இருக்கவில்லை.

நான் விட்ட பிழை

இந்த வேலைக்கு வந்த புதிதில், நானும் என்னோடு வேலை செய்தவர்களும் குடும்பங்களுக்கு ஒரு நேரசூசி எழுதிக் கொடுத்தோம். பள்ளிக்கூட நேரசூசி போலக் கோடு போட்ட தாள். 5 மணிக்கு எழும்புதல், 5.15க்குத் தண்ணீர், 5.45க்குச் சமையல் என்று வரிசையாக இருந்தது. பார்க்க நல்ல வடிவு. இரண்டு கிழமை கழித்து ஒரு தாயிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "அக்கா, உங்கட நேரசூசி மூண்டு நாள்தான் நிண்டது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அந்த வீட்டில் மணிக்கூடு இல்லை. ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு, வரிசை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. கூலி வேலைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் நிற்க வேண்டும். பஸ் வந்தால் வரும். ஒரு வேலை பிந்தியதும் தாளில் இருந்த எல்லாம் பிந்தியது. "நான் சரியில்லை போல" என்று அந்தத் தாய் தன்னையே நொந்துகொண்டார். பிழை அவருடையது அல்ல, எங்களுடையது. நிச்சயம் இல்லாத வாழ்க்கைக்கு நிமிடக் கணக்கில் நாள் எழுதிக் கொடுத்தது நாங்கள்.

பிறகு ஒரு நாள் அதே தாய், தனது பசுவைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டையை ஆழமாக அடித்தார். கயிற்றை நீளமாக விட்டார். "கயிறு கட்டையெண்டால் மாடு பட்டினி. அவிட்டு விட்டால் பக்கத்து வளவுப் பயிருக்குள்ள போகும்" என்றார். எனக்கு அங்கேதான் விளங்கியது. வீட்டு நாளும் இப்படித்தான். இரண்டு, மூன்று கட்டைகளை அசையாமல் அடிக்க வேண்டும். மற்ற எல்லா வேலைக்கும் நீளக் கயிறு விட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

மூன்று கட்டைகள்

முதலாவது கட்டை, பிள்ளை பள்ளிக்கூடம் போவது. பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்குகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடக்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளை சாப்பிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு படலையைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் வளவு கூட்டாவிட்டாலும் பரவாயில்லை. பாத்திரம் கழுவாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் பிள்ளைகள் எத்தனையோ மாதப் படிப்பை ஓடிய பாதையில் விட்டுவிட்டு வந்தவர்கள். "இண்டைக்கு மட்டும் தம்பியைப் பார்க்க நில்" என்று மூத்த பெண்பிள்ளையை மறிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரு நாள் என்று தொடங்குவது கிழமைக்கு இரண்டு நாளாகும். பிறகு பிள்ளைக்கே வகுப்பில் இருக்க வெட்கமாகி, தானாக நின்றுவிடும். ஆகவே இந்தக் கட்டையைப் பிடுங்காதீர்கள்.

இரண்டாவது கட்டை, இருட்டுவதற்கு முன் எல்லோரும் வளவுக்குள் நிற்பது. பொழுதுபடும் நேரம் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும், விறகு அடுப்படியில் இருக்க வேண்டும், பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும். இதைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது கட்டை, இரவுச் சாப்பாட்டை எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது. புட்டும் சம்பலும் என்றாலும் சரி, கஞ்சி என்றாலும் சரி. சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் நாளைக்கு யார், என்ன என்று பேச வேண்டும். நாளை அம்மா கூலிக்குப் போகிறாரா? கிளினிக் நாளா? தம்பிக்குச் சோதனையா? யார் தண்ணீர் அள்ளுவது? அவ்வளவுதான். லாம்பு எரியும் அந்த ஐந்து நிமிடம் அடுத்த நாள் காலையில் ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்துத் தரும். பிள்ளைகளுக்கு இன்னொரு பலனும் உண்டு. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்து படுக்கும் பிள்ளைக்குப் பயம் குறையும். எங்கள் பிள்ளைகள் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எத்தனை இரவுகள் படுத்தவர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடலுக்குப் போகும் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். தகப்பன் இரவு கடலில் என்றால் இரவுச் சாப்பாட்டில் எப்படி ஒன்றாக இருப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் கட்டையை வேறு இடத்தில் அடியுங்கள். தகப்பன் கடலுக்கு வெளிக்கிட முன் எல்லோரும் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் உங்கள் கட்டையாக இருக்கட்டும். எங்கே அடிப்பது என்பது உங்கள் விருப்பம். அடித்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

விறகும் பொழுதும்

இப்போது இரண்டாவது கட்டைக்கு வருகிறேன். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

தாயும் மூன்று பிள்ளைகளும் அம்மம்மாவும் உள்ள குடும்பம். தாய் அன்று கூலி வேலை முடிந்து களைத்து வந்து, இரவுச் சமையலுக்கு அடுப்படிக்குப் போனால் விறகு இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது. "ஓடிப்போய் ரெண்டு தடி பொறுக்கிக்கொண்டு வா" என்று பன்னிரண்டு வயது மகனை அனுப்பினார். வழமையாகப் போகும் பாதையோரம் விறகு முடிந்திருந்தது. நல்ல காய்ந்த பாலைக் கொப்பு ஒன்று உள்ளே தெரிந்ததால் பிள்ளை பாதையை விட்டு இறங்கினான். சில அடி போனதும் மண்ணில் பாதி புதைந்த ஏதோ ஒன்றைக் கண்டான். பள்ளிக்கூடத்தில் மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பில் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அசையாமல் நின்றான். சத்தம் போட்டுக் கூப்பிட்டான். பிறகு தான் வந்த காலடியிலேயே காலை வைத்துத் திரும்பிப் பாதைக்கு வந்தான். பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கிராம அலுவலருக்கு அறிவித்தார்கள்.

அந்தத் தாய் என்னிடம் அழுதுகொண்டு சொன்னது இதுதான்: "விறகு இல்லாமல் இல்லை அக்கா. சனிக்கிழமை எல்லாரும் போய்க் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நான் நினைக்கேல்லை. பொழுதுபட்ட பிறகுதான் நினைச்சன்."

அந்தத் தாயைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு ஆள் பத்து வேலையைத் தலைக்குள் வைத்துக்கொண்டு ஓடினால் ஒன்று தவறத்தான் செய்யும். எங்கள் ஊரில் தவறும் அந்த ஒன்று, பிள்ளையின் காலாகவோ உயிராகவோ இருக்கலாம். அவசரம்தான் எங்களைப் பாதையை விட்டு இறக்குகிறது. அதனால்தான் நாளுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்கிறேன். வீடு வடிவாக இருப்பதற்காக அல்ல.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள். விறகுக்குக் கிழமையில் ஒரு காலை வேளையை ஒதுக்குங்கள். பெரியவர்கள் சேர்ந்து, கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்கு மட்டும் போங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒரு தடி கூட எங்களுடையது அல்ல. வளவு துப்புரவாக்குவதும் காலை வெளிச்சத்தில்தான். மங்கல் நேரத்தில் பற்றைக்குள் கை வைக்காதீர்கள், பாம்பும் இருக்கும். சோதிக்காத இடத்தில் குப்பையைக் குவித்து நெருப்பு வைக்க வேண்டாம், அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. தெரியாத பொருள் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், எறியாதீர்கள், மற்றவர்களைக் கிட்ட விடாதீர்கள். வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ உடனே அறிவியுங்கள்.

அந்த வீட்டில் இப்போது சனிக்கிழமை காலை விறகு நாள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து போகிறார்கள். ஒரு கிழமைக்குப் போதுமானதைக் கட்டி வந்து, மழை படாமல் தறப்பாளுக்குக் கீழே அடுக்குகிறார்கள். அடுக்கு முழங்காலளவுக்கு இறங்கினால் அம்மம்மா சொல்ல வேண்டும். அது அவருடைய பொறுப்பு.

ஒரு வேலைக்கு இரண்டு பேர்

அம்மம்மாவுக்குப் பொறுப்பு என்றேன். இங்கேதான் பல வீடுகளில் பிழைக்கிறது. எல்லா வேலையும் தாயின் தலையில். தாய்க்குக் காய்ச்சல் வந்தால் வீடு நின்றுவிடும். தகப்பன் இல்லாமல் தாய் மட்டும் நடத்தும் குடும்பங்கள் எங்கள் மத்தியில் நிறைய. அந்த வீடுகளில் இது இன்னும் பாரம்.

ஆகவே வீட்டு வேலைகளை ஒரு மட்டையில் எழுதுங்கள். உலர் உணவு வந்த பெட்டியின் மட்டை போதும், கரித்துண்டு போதும். தண்ணீர், விறகு, சமையல், பாத்திரம், வளவு, சின்னப் பிள்ளையைப் பார்ப்பது, கோழி, கடைக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு பெயர் எழுதுங்கள். முதல் பெயர் செய்கிறவர். இரண்டாவது பெயர், அவரால் முடியாத நாளில் கைமாற்றாகச் செய்கிறவர். மணி எழுத வேண்டாம். பெயர் மட்டும் போதும். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளை இருந்தால் வாளி, அடுப்பு என்று படம் கீறி விடுங்கள், அவர்களுக்கு அது விளையாட்டு.

மட்டையை எழுதி முடித்ததும் ஒருமுறை பாருங்கள். மகளின் பெயர் ஆறு இடத்தில், மகனின் பெயர் ஒரு இடத்தில் என்றால் அழித்து எழுதுங்கள். மகனுக்கும் பாத்திரம் கழுவக் கை இருக்கிறது. மகளுக்கும் படிக்கக் கொப்பி இருக்கிறது. சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைக் கடைசி மாதங்களில் ஓரிரு வேலைகளில் மட்டும் வையுங்கள்.

காயப்பட்டவர்களின் பெயரையும் எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். காலை இழந்த ஒரு தகப்பனின் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை போனபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி விடியத் தொடங்கி இரவு வரை ஓடினார். அவருக்கு இரக்கப்பட்டு யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. பிறகு அந்த வீட்டில் மட்டை எழுதினார்கள். மரக்கறி வெட்டுவது, குடிதண்ணீர் கொதிக்க வைத்து மூடுவது, பின்னேரம் பிள்ளைகளின் பாடம் பார்ப்பது, வானொலியைக் கேட்டு நேரம் சொல்லிப் பிள்ளைகளை வெளிக்கிட வைப்பது ஆகியவற்றுக்கு நேரே அவரது பெயர். அடுத்த தடவை போனபோது அவர் வாசலில் இருந்தார். "உள்ள வாங்கோ, இருங்கோ, பிள்ளையின்ர கணக்கு முடியட்டும்" என்று எனக்கே நேரம் சொன்னார்.

கயிற்றை எப்படி நீட்டுவது

கட்டைகளுக்கு நடுவில் உள்ள வேலைகள் நகரலாம். ஆனால் நகர்த்தத் தெரிய வேண்டும். சில வழிகள் சொல்கிறேன்.

ஒரு நெருப்பில் இரண்டு வேலை. இரவு சமைத்த அடுப்பில் தணல் இருக்கும்போதே நாளைக்கான குடிதண்ணீரைக் கொப்புளிக்கும் வரை கொதிக்க வைத்து, மூடி ஆற விடுங்கள். காலையில் அதற்கென்று அடுப்பு மூட்ட வேண்டாம்.

இரவில் முடியக்கூடியதைக் காலைக்கு வைக்காதீர்கள். பள்ளிக்கூடச் சீருடை, கொப்பி, செருப்பு எல்லாம் இரவே ஒரு இடத்தில் இருக்கட்டும். காலையில் தேடும் நேரம்தான் அடி விழும் நேரம். சமைத்த கறியை மட்டும் வெக்கையில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். காலையில் சமைத்ததை மத்தியானத்தோடு முடிக்கிற அளவுக்குச் சமையுங்கள்.

கிணற்றடியில் வரிசை நீளமென்றால் பக்கத்து வீடுகளோடு பேசுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீடுகள் காலையில் முதலில், மற்ற வீடுகள் பிறகு, அல்லது முதல் நாள் பின்னேரமே அள்ளி மூடி வைப்பது என்று பேசி முடிவெடுக்கலாம். தண்ணீர் சேர்த்து வைக்கும் பாத்திரங்களை மூடுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள், நுளம்பு பெருகாது.

வெளி அலுவல்களைச் சேர்த்துச் செய்யுங்கள். அரச அலுவலகங்களில் பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று கிராம அலுவலரிடம் கேட்டு மட்டையில் குறியுங்கள். கிளினிக் நாள், திரிபோஷா கொடுக்கும் நாள் ஆகியவற்றைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக் குறியுங்கள். பட்டணத்துக்கு ஒரு பஸ்ஸில் போனால் வங்கி, பிரதேச செயலகம், கடை எல்லாவற்றையும் பார்த்து வரலாம். அடையாள அட்டை, குடும்ப அட்டை, பிறப்புப் பத்திரம், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒரு கடுதாசி இல்லாமல் திரும்பி வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். போகும் நாளில் சின்னப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதை முதல் நாள் இரவே பேசி வையுங்கள். இன்று உங்கள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தால், நாளைக்கு அவருடைய பிள்ளையை நீங்கள் பாருங்கள்.

காலம் மாறும்போது மட்டையும் மாற வேண்டும். காலபோக விதைப்பும் அறுவடையும் வந்தால் பெரியவர்கள் விடிய முன் வயலுக்குப் போவார்கள். அப்போது காலைப் பொறுப்புகளை வேறு பெயருக்கு மாற்றுங்கள். மாரி வந்தால் விறகும் உடுப்பும் காயாது, பாதையில் வெள்ளம் நிற்கும். மழைக்கு முன்பே விறகைச் சேருங்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முந்தி வெளிக்கிடுங்கள். கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்கினால் உடுப்புத் தோய்க்கும் நாளைக் குறையுங்கள். கட்டை அப்படியே நிற்கட்டும், கயிறுதான் சுற்றி வரும்.

எழும்ப முடியாத நாள்

கடைசியாக ஒன்று. இதை நாங்கள் வெளியில் அதிகம் பேசுவதில்லை.

சில நாட்களில் எழும்பவே முடியாமல் இருக்கும். உடம்பில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு திகதி வந்திருக்கும். ஒருவருடைய பிறந்தநாள், அல்லது அவரை விட்டுப் பிரிந்த நாள். காணாமற்போன பிள்ளையைத் தேடி ஒரு அலுவலகத்துக்குப் போய்விட்டு ஒரு பதிலும் இல்லாமல் திரும்பி வந்த நாள். வளவு துப்புரவாக்கும்போது பழைய சட்டை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வரும் நாள். அந்த நாட்களில் நேரசூசி, ஒழுங்கு என்று யாராவது சொன்னால் கோபம்தான் வரும். எனக்கும் வரும்.

அந்த நாளுக்கும் ஒரு ஒழுங்கை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் இருந்து யோசித்து எழுதுங்கள். எழும்ப முடியாத நாளில் எவை மட்டும் நடந்தால் போதும்? நான் சொல்வது நான்கு. எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர். எல்லோருக்கும் ஒரு நேரமாவது சூடான சாப்பாடு. பிள்ளை பள்ளிக்கூடம் போவது. மருந்து எடுப்பவர் மருந்து எடுப்பது. இந்த நான்கும் நடந்தால் அந்த நாள் வீண் போகவில்லை. பற்றை இன்னொரு நாள் நிற்கும். பாத்திரம் இரவு வரை கிடக்கும். அதற்காக உங்களை நீங்களே ஏசாதீர்கள்.

அந்த நாளில் சொல்ல ஒரு சொல்லையும் வீட்டில் பேசி வையுங்கள். ஒரு வீட்டில் தாய், "இண்டைக்கு எனக்கு மழை" என்பார். வேறு விளக்கம் இல்லை. மூத்தவன் தண்ணீருக்குப் போவான். மாமி வந்து சோறு வைப்பார். அந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை, ஐந்து வயது, தாய்க்குப் பக்கத்தில் பாயில் வந்து இருந்துவிட்டுப் போகும். இரண்டாவது பெயர் என்று நான் சொன்னது இப்படிப்பட்ட நாளுக்குத்தான்.

அப்படியான நாட்கள் தொடர்ந்து வந்தால், நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று வந்தால், அது உங்கள் பலவீனம் அல்ல. அதற்கு உதவி இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரிடமோ, ஆஸ்பத்திரியிலோ, எங்களிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தனியே விடாதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்று இரவு

நான் சொன்ன எல்லாவற்றையும் நாளைக்கே செய்ய வேண்டாம். இன்று இரவு சாப்பிட்ட பிறகு எல்லோரும் லாம்படியில் இருங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும், படுக்கையில் இருப்பவரும். மூன்று கட்டை எவை என்று பேசுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு கிழமை அப்படி நடந்து பாருங்கள். சரிவராவிட்டால் கட்டையைக் கொஞ்சம் தள்ளி அடியுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் திரும்பத் தொடங்குங்கள், தவறிய நாளைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

எங்கள் அம்மாவுக்கு அன்றைக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆனால் சில மாதம் கழித்து, ஒரு இரவு அவர் எங்களைப் பார்த்து, "நாளைக்கு விடியத் தண்ணி ஆர் அள்ளுறது?" என்று கேட்டார். எனக்குப் பதினொரு வயது. நான் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு எங்களைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்கு அடுத்த நாள் கிணற்றடிக்கு வாளியோடு போனபோதுதான், நாங்கள் உண்மையாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

அடுப்பில் சோறு இருக்கிறவர்கள் ஓடுங்கள். மற்றவர்கள் இருந்தால் மட்டையும் கரியும் கொண்டு வந்திருக்கிறேன், இங்கேயே எழுதத் தொடங்கலாம்.